வீட்டு முன் சாலை யார் பொறுப்பு? தனியார் தெரு, பொதுத் தெரு பராமரிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெரு பெயர்ந்து கிடக்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் "அந்தத் தெரு எங்கள் கணக்கில் இல்லை" என்கிறார்கள். மனை போட்டு விற்றவரைக் கேட்டால் "அதெல்லாம் எப்போதோ ஒப்படைச்சாச்சு" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, தெருவின் அடிநிலம் தன் பத்திரத்தில் இருப்பதாகச் சொல்கிறார். விசித்திரம் என்னவென்றால், மூன்று பேரும் ஓரளவு உண்மையே பேசிக்கொண்டிருக்கலாம்.

சாலை என்பது ஒரே விஷயம் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அடிநிலம் யாருடையது? அதன்மேல் போய்வரும் உரிமை யாருக்கு? பழுதானால் செப்பனிடும் கடமை யாருக்கு? மூன்றுக்கும் ஒரே பதில் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் தெருவின் அடிமண் பாதிவரை எதிரெதிர் வீட்டுக்காரர்களுடையது என்று சட்டம் ஊகிக்கும். போய்வருவது பொதுமக்கள், பழுதுபார்ப்பது உள்ளாட்சி. அதே நாட்டில் பொதுமக்கள் நடக்க முழு உரிமை உண்டு, ஆனால் செப்பனிடும் கடமை எந்த அரசு அமைப்புக்கும் இல்லை என்கிற தெருக்களும் இருக்கின்றன.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1835-க்கு முன்பு அங்கே பொதுமக்கள் நடந்து பழகிய பாதை எதுவானாலும் அந்த வட்டாரமே செப்பனிட வேண்டும். இடத்தைக் கூறுபோட்டு விற்பவர் பெயருக்கு ஒரு பாதை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், செலவு ஊர் தலையில். 1835-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் இதை மாற்றியது. அதன்பின் புதிதாகப் போட்ட சாலையை முறைப்படி ஏற்றுக்கொண்டால்தான் பராமரிப்புக் கடமை அரசுப் பக்கம் வரும். இன்று பல நாடுகளிலும் நிலை ஏறக்குறைய இதுதான்: பயன்படுத்துவதால் மட்டும் சாலை பொதுப் பொறுப்பாகிவிடாது, யாராவது கையெழுத்துப் போட்டு ஏற்றிருக்க வேண்டும். ஆகவே வேலை அந்தக் கையெழுத்தைத் தேடுவதில் தொடங்குகிறது.

படி 1: உங்கள் தெரு எந்த வகை?

நடைமுறையில் நான்கு வகைதான். உள்ளாட்சி முறைப்படி ஏற்றுப் பராமரிக்கும் தெரு ஒன்று. பொதுமக்கள் போய்வந்தாலும் யாரும் ஏற்காத தெரு இரண்டாவது. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கும் உள்சாலை மூன்றாவது. நான்காவது, ஒருவர் நிலத்தின்மேல் மற்றவர்களுக்கு வழிப்பாதை உரிமை மட்டும் உள்ள பாதை. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும்.

தெருவிளக்கு எரிகிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, குப்பை வண்டி வருகிறது, ஆகவே இது அரசுத் தெருதான் என்று சொல்வார்கள். இவை எதுவும் சான்று ஆகாது. விளக்கு ஒரு துறை, குப்பை ஒரு துறை, சாலை வேறு துறை. வரி கட்டுகிறோமே என்பதும் நியாயமான ஆதங்கம்தான், ஆனால் அதுவும் சான்று அல்ல.

பார்க்க வேண்டியவை இவை: உங்கள் பத்திரத்திலும் தாய்ப்பத்திரத்திலும் எல்லை விவரம் ('பொதுச் சாலைக்கு வடக்கு' என்கிறதா, 'விற்பவர் விட்டிருக்கும் பாதைக்கு வடக்கு' என்கிறதா), ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், சாலை நிலத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் அல்லது ஒப்படைப்பு ஆவணம், உள்ளாட்சியின் சாலைப் பதிவேடு. இங்கிலாந்தில் பொதுச் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலை ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் வைத்திருக்க வேண்டும் என்று 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகக் கேட்டு வாங்கலாம்.

கேட்கும் விதம் முக்கியம். "எங்கள் தெரு யாருடையது?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்: "இத்தெரு உங்கள் பராமரிப்புப் பதிவேட்டில் உள்ளதா? எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி சேர்ந்தது? எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம் வரை? அகலம் எவ்வளவு? வடிகால் அதில் சேருமா?" இதில் 'எந்த இடம் வரை' என்பதை விட்டுவிடாதீர்கள். முதல் பாதி ஏற்கப்பட்டு, முட்டுச்சந்தாக முடியும் கடைசிப் பகுதி விடுபட்டுப் போயிருப்பது சர்வ சாதாரணம். கடைசி வீடுகள் பள்ளம் விழும்வரை அதை அறிவதில்லை.

படி 2: பொதுத் தெரு என்றால்

கடமை உள்ளாட்சிக்கு. ஆனால் அது எங்கே முடிகிறது என்பதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிப்பாதை பொதுவாக அவர்களுடையது. வாசலிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளம், வடிகாலின்மேல் நீங்கள் போட்ட மூடி, வேலியோர மரம் இவை பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் வந்து விழும். நடைபாதை ஊருக்கு ஊர் மாறும்.

புகாரை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். பள்ளத்துக்குள் அளவுகோலை நிறுத்தி ஒரு படம், பக்கத்து வீட்டு எண்ணோ மின்கம்பமோ தெரிய இன்னொரு படம், தேதி, புகார் எண். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். பள்ளத்தில் ஒருவர் விழுந்து அடிபட்டால், அது அங்கே இருப்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்ததா, அவர்கள் நியாயமான முறையில் சோதனை செய்துவந்தார்களா என்பதில்தான் வழக்கு நிற்கும். இங்கிலாந்தில் 1964 வரை, சாலையைச் செப்பனிடாமல் விட்டதற்காக நெடுஞ்சாலை நிர்வாகத்தின்மேல் இழப்பீட்டு வழக்கே போட முடியாது, கெடுத்துவைத்தால்தான் வழக்கு. 1961-ல் இயற்றிய சட்டம் 1964-ல் நடைமுறைக்கு வந்து அந்தப் பாதுகாப்பை நீக்கியது. பதிலுக்கு, நியாயமான கவனம் எடுத்துக்கொண்டோம் என்று காட்டித் தப்பிக்க நிர்வாகத்துக்கு வழியும் கொடுத்தது. உங்கள் பழைய புகார் எண் கழுத்தைப் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

பள்ளம் குழாய், கேபிள் வேலைக்காகத் தோண்டியதால் வந்ததா என்று பாருங்கள். நேர்கோட்டில், ஒரே அகலத்தில் அமுங்கியிருந்தால் அநேகமாக அதுதான். அப்போது தோண்டியவர் பெயரையும் புகாரில் எழுதுங்கள். மூடிச் சமன்செய்யும் பொறுப்பு வழக்கமாக அனுமதி வாங்கியவருடையது.

நீங்களே சிமெண்ட் கொட்டி அடைத்துவிடலாமா? வேண்டாம். பொதுச் சாலையில் கைவைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த மேட்டில் வண்டி தடுக்கினால் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

இன்னொன்று: மறுபடி தார் போட வரும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். மேலேமேலே போட்டால் சில சுற்றுகளில் சாலை வாசற்படியைத் தாண்டிவிடும், மழைத்தண்ணீர் வீட்டைத் தேடி வரும். வேலை முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

படி 3: புதுக் குடியிருப்பு, இன்னும் ஒப்படைக்கவில்லை

சண்டைகளில் பாதி இந்த இடைக்காலத்தில் பிறப்பவை. வீடு விற்றாகிவிட்டது, சாலை இன்னும் விற்பனையாளர் கையில், அவருக்கோ ஆர்வம் போய்விட்டது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, உரிமையாளர் சங்கம் பராமரிப்பை ஏற்கும்வரை அத்தியாவசிய சேவைகளை நியாயமான கட்டணத்தில் தருவதும் பராமரிப்பதும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் வேலை. வேலைத்தரம், சேவை வசதிகளில் உள்ள குறையைச் சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் எழுத்தில் தெரிவித்தால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. சாலை அந்தத் திட்டத்தின் வேலையில் அடங்கியிருந்தால் அதையும் கேட்கலாம். இங்கிலாந்தில் 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு: இந்தத் தரத்தில் சாலை போடுகிறேன், முடித்ததும் மன்றம் ஏற்கட்டும் என்று கட்டுநர் எழுதிக்கொடுப்பார், வழக்கமாக ஒரு பிணைத்தொகையும் வைப்பார். பாதியில் கைவிட்டால் அந்தப் பணத்தில் வேலையை முடிக்கலாம். எந்த நாடானாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாலையை முடித்துக்கொடுப்பதற்குப் பணம் எங்கே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது?

சங்கம் சாலையைக் கையேற்கும் நாள் வரும்போது அவசரப்படாதீர்கள். ஒரு நல்ல மழை பெய்து முடிந்த ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்க நடந்து பாருங்கள். தேங்கி நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் சுண்ணாம்பால் வட்டம் போட்டுப் படம் எடுங்கள். அந்த வட்டங்கள்தான் இரண்டு வருடத்தில் பள்ளங்கள். வடிகால் மூடிகளைத் தூக்கி உள்ளே கட்டடக் கழிவு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டுமான லாரிகள் கடைசி வீடு முடியும்வரை ஓடும், ஆகவே மேல் அடுக்கைக் கடைசியில் போடச் சொல்வதும், குறைகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே ஏற்பதும் நல்லது.

படி 4: பகிர்ந்துகொள்ளும் தனியார் பாதை

இதுதான் இந்த விஷயத்தின் நடுப்பகுதி. கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது சட்டம் என்ன சொல்கிறது? இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882 தெளிவாகவே சொல்கிறது: வழியைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவரே அதைச் செப்பனிடும் செலவை ஏற்க வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் அடுத்தவர் வசதிக்காக எதுவும் செய்யக் கடமைப்பட்டவர் அல்ல; தடுக்காமல் இருந்தால் போதும். "அவர் நிலம்தானே, அவரே போடட்டும்" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குடிமைச் சட்டத்தின் 845-ஆம் பிரிவும் இதே வழியில் போகிறது. பல பேருக்கு உரிமை இருந்து, ஒப்பந்தம் இல்லையென்றால், அவரவர் பயன்பாட்டின் அளவுக்குச் செலவு பிரியும்.

ஒப்பந்தம் இருந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. வீடு கைமாறினால் புதியவரையும் அது கட்டுப்படுத்துமா? இங்கிலாந்தில் 1885-ல் ஓல்டம் நகராட்சி தொடர்பான வழக்கு ஒன்று இதே கேள்வியில், அதுவும் ஒரு சாலைப் பராமரிப்பு உறுதிமொழியிலேயே, தோற்றது. செலவு செய்யும் கடமை நிலத்தோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போகாது என்றது நீதிமன்றம். அப்புறம் 1957-ல் லிவர்பூல் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில் ஒரு கதவு திறந்தது: பத்திரத்தின்படி சாலையையும் கழிவுநீர்க் குழாயையும் அனுபவிப்பவர், அதே பத்திரம் சொல்லும் செலவைத் தள்ளிவிட முடியாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: "ஆளுக்கு இவ்வளவு தருவோம்" என்ற தாள் பலவீனமானது. "இந்தப் பாதையைப் பயன்படுத்தும் உரிமை, அதன் செலவுப் பங்கைக் கட்டுவதற்கு உட்பட்டது" என்று எழுதிப் பதிவுசெய்த பத்திரம் பலமானது. வழக்கறிஞரிடம் போகும்போது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பணத்தைப் பிரிப்பது. கூட்டம் கூடினால் முதலில் பேசுபவர் தெருமுனை வீட்டுக்காரராகத்தான் இருப்பார்: "நான் பத்தடிதான் உள்ளே வருகிறேன், கடைசி வரைக்கும் நான் ஏன் தார் போட வேண்டும்?" கடைசி வீட்டுக்காரர் பதில் தயாராக வைத்திருப்பார்: "தெரு நல்லா இருந்தால் உங்கள் வீட்டுக்கும்தானே மதிப்பு?" இருவரையும் தவறு என்று சொல்ல முடியாது. அதனால்தான் சூத்திரத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், பள்ளம் யார் வாசலில் விழுந்திருக்கிறது என்று தெரிந்தபிறகு அல்ல.

சமபங்கு எளிது, குட்டித் தெருவுக்கு அதுவே போதும். தெருவைத் தொடும் மனை நீளத்தின்படி பிரிப்பது பழைய முறை, ஆனால் மூலை மனைக்காரருக்கு அநியாயம். தூரத்தின்படி பிரிப்பது நீண்ட பாதைக்கு நியாயமானது: பாதையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் செலவையும் அதைக் கடந்து போகிறவர்கள் மட்டும் பகிர்வது. ஸ்வீடனும் ஃபின்லாந்தும் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றன. அங்கே தனியார் சாலைகள் ஏராளம். பாதையோர வீட்டுக்காரர்கள் சட்டப்படியான சாலைக் கூட்டமைப்பாகச் சேர்கிறார்கள். ஒவ்வொரு சொத்துக்கும் எத்தனை டன் போக்குவரத்து, எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டுப் பங்கு எண் தருகிறார்கள். ஆண்டு முழுக்க வசிப்பவருக்கு ஒரு பங்கு, விடுமுறைக்கு மட்டும் வருபவருக்குக் குறைந்த பங்கு, மரம் ஏற்றும் லாரி ஓடும் காட்டு நிலத்துக்கு அதற்கேற்ற பங்கு.

எடையைக் கணக்கில் சேர்ப்பது வெறும் கஞ்சத்தனம் அல்ல. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா நகருக்கு அருகே சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின்மேல் உள்ள எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரிந்தது. அந்தக் கணக்கில், அச்சுக்கு 10 டன் சுமக்கும் லாரி ஒரு முறை போவது, அச்சுக்கு 1 டன் உள்ள கார் 10,000 முறை போவதற்குச் சமம். தோராயமான விதிதான், ஆனாலும் குட்டித் தெருவுக்கு இது நேரடிச் செய்தி: உங்கள் சாலையைக் கொல்வது தினமும் போகும் கார்கள் அல்ல, வீடு கட்டும் மாதங்களில் வரும் ஜல்லி லாரிகள். ஆகவே "கட்டுமான வேலை செய்பவர் தொடங்கும் முன் சாலையைப் படம் எடுத்து, ஒரு முன்பணம் கட்டி, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்" என்ற விதி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக: எந்தச் செலவுக்கு எத்தனை பேர் சம்மதம் வேண்டும் (அவசரப் பழுதுக்குத் தனி வரம்பு), கணக்கு யார் கையில், கட்டாதவருக்கு என்ன, வாகனம் நிறுத்தலாமா, குழாய் தோண்டினால் யார் மூடுவது. இவையெல்லாம் ஒரு தாளில் அடங்கும்.

படி 5: சாலையைச் சாகவிடாமல் வைத்திருப்பது

வண்டியின் எடையைக் கடைசியில் தாங்குவது அடிமண்தான், அது உலர்ந்திருக்கும்வரைதான் தாங்கும் என்று சாலைப்பொறியாளர் ஜான் மெக்ஆடம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார். இன்றைக்கும் அதற்குமேல் சொல்ல அதிகமில்லை. வெயிலில் தார் கெட்டித்து நுண்விரிசல் விடும், விரிசல் வழியே தண்ணீர் இறங்கும், நனைந்த மண் சக்கரம் ஏறும்போதெல்லாம் அமுங்கி எழும், பிறகு ஒருநாள் மேல்தோல் பெயரும். பள்ளம் ஒரே இரவில் விழுந்ததுபோலத் தெரிந்தாலும் அதன் வேலை எப்போதோ தொடங்கிவிட்டது.

ஆகவே செலவு செய்யும் வரிசை: முதலில் வடிகால், அடுத்து விரிசல், மூன்றாவதுதான் மேல்தளம். சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு இருக்க வேண்டும். ஓரத்தில் மண்ணும் புல்லும் மேடாக வளர்ந்து தண்ணீரைத் தடுத்தால், அதை வெட்டிவிடுவது ஒரு மண்வெட்டி வேலைதான். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஒட்டுப்போடும் வேலையை நின்று கவனியுங்கள். ஈரக் குழியில் தார்க்கலவையைக் கொட்டி, லாரிச் சக்கரத்தை ஏற்றி அமுக்கிவிட்டுப் போவது ஒட்டு அல்ல, அடுத்த மழையில் தெறித்துவிடும். சரியான வேலையில், ஓரங்களை உறுதியான பகுதிவரை நேர்கோட்டில் செங்குத்தாக வெட்டுவார்கள். உதிரி ஜல்லி, மண், தண்ணீர் எல்லாம் வெளியேறும். அடியிலும் பக்கச் சுவர்களிலும் தார்க்குழம்பை மெல்லியதாகப் பூசுவார்கள். ஆழமான குழி என்றால் அடுக்கு அடுக்காகக் கலவையைப் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குவார்கள். முடிந்ததும் ஒரு நேர்க்கட்டையைக் குறுக்கே வையுங்கள். நடுவில் பள்ளம் தெரிந்தால் வேலை முடியவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டுச் செலவும் பெரும்பழுதுச் சேமிப்பும் தனித்தனிக் கணக்காக இருக்கட்டும். மறுபடி தார் போட ஆகும் செலவை, அதற்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்தால் வருடச் சேமிப்பு கிடைத்துவிடும். கலிஃபோர்னியாவில் பொதுச் சொத்து வைத்திருக்கும் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சேமிப்புக் கணக்கை நேரடி ஆய்வோடு புதுப்பிக்க வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் அதே இடைவெளி நல்லதுதான், விலைவாசி நமக்காகக் காத்திருப்பதில்லை.

படி 6: அரசிடம் ஒப்படைத்துவிடலாமா?

எல்லாச் சங்கத்திலும் யாராவது ஒருவர் இதை எழுப்புவார். ஒப்படைத்தால் செலவு போகும், உண்மைதான். கூடவே கேட் போகும், காவலாளி போவார், வெளியாள் வண்டியை நிறுத்தினால் தடுக்கும் உரிமையும் போகும். முதலில் உறுப்பினர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வாக்கெடுங்கள்.

அடுத்தது தரம். உள்ளாட்சி பெரும்பாலும் குறைந்தபட்ச அகலம், வடிகால், விளக்கு, வண்டி திரும்ப இடம் இவற்றைக் கேட்கும். சாலையை முதலில் உங்கள் செலவில் அந்தத் தரத்துக்கு உயர்த்தச் சொல்லும். இங்கிலாந்தில் மன்றமே வேலையைச் செய்து, செலவைத் தெருவோர வீடுகளுக்குப் பிரித்து வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அடிநிலத்தில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு ஒருவர் போதும், ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடும். ஆகவே நிலப்பங்கு யார் யார் பெயரில் என்ற பட்டியலை முதலில் தயாரியுங்கள், விண்ணப்பம் அப்புறம். சாலை சீரழிந்து கிடக்கும்போது யாரும் ஏற்க மாட்டார்கள். கேட்பதானால் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.

படி 7: கட்டாதவர், விற்பவர், வாங்குபவர்

பங்கு கட்டாதவரின் வழியை அடைப்பது சட்டப்படி ஆபத்தானது. வழியுரிமை உள்ளவரைத் தடுத்தால் தடையாணையோடு வருவார், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். எழுத்தில் கணக்கைக் கொடுங்கள், காலக்கெடு வையுங்கள், பிறகு பணத்துக்காக மட்டும் வழக்குப் போடுங்கள். பெரும்பாலும் நிலுவை வசூலாவது அவர் வீட்டை விற்கும்போதுதான். வாங்க வருபவரின் வழக்கறிஞர் சங்கத்தின் நிலுவையின்மைச் சான்றைக் கேட்பார்.

தனியார் சாலையில் யாராவது விழுந்து அடிபட்டால் இழப்பீடு கேட்பது அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்களை நோக்கித்தான். சங்கத்தின் பெயரில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போகும் அகலம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

நீங்கள் வாங்குபவர் என்றால், முன்பணம் கொடுக்கும் முன் நான்கு தாள்களைக் கேளுங்கள்: சாலை ஏற்கப்பட்டதற்கான உள்ளாட்சிப் பதிவு அல்லது பராமரிப்பு ஒப்பந்தம், வழியுரிமை எழுதப்பட்ட பத்திரம், கடந்த 3 ஆண்டுச் சாலைக் கணக்கு, நிலுவை இல்லை என்ற சான்று. மனைக்கும் பொதுச் சாலைக்கும் நடுவே வேறு ஒருவர் பெயரில் ஓர் அடி அகலத் துண்டு நிலம் விட்டுவைக்கப்பட்டிருக்கிறதா என்று அளவை வரைபடத்தில் கட்டாயம் பாருங்கள். அந்தத் துண்டை வைத்திருப்பவர் நாளை கேட்கும் விலைதான் உங்கள் வீட்டுக்கு வழி. விற்பவர் "தெரு பொதுதான் சார், எல்லோருக்கும் தெரியும்" என்று சொன்னால், தெரிந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.